நெல்லும் நாணயமும்: வன்னிப் பிள்ளைகள் காசின் ஊற்றை அறிந்த வரலாறு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவில் அமைந்துள்ள தர்மபுரம், வன்னியின் பழைய கிராமங்களைப் போல ஒரே குளத்தை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் ஊரன்று. காடு வெட்டிக் கழனியாக்க வந்த யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களும், இனக்கலவரங்களால் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களும், அயலிலிருந்த வன்னிக் கிராமத்தவரும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கிய குடியேற்ற ஊர் அது. இம்மூன்று சாராரும் தத்தம் சட்டிபானைகளோடு, காசு எங்கிருந்து வருகிறது என்பது பற்றிய தத்தம் பட்டறிவையும் கொண்டுவந்தனர். ஒருவருக்கு அது களத்து நெல்லிலிருந்து வந்தது; மற்றொருவருக்குச் சந்தைக்குப் போன மூடையிலிருந்து வந்தது; வேறொருவருக்குத் துரையின் செக்ரோலிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வேலை நாட்களைப் பதியும் பேரேட்டிலிருந்து வந்தது. ஆகவே சிறு பிள்ளைகளுக்குப் பணத்தின் பிறப்பிடத்தை அறிவிக்கும் வழக்கம் தமிழரிடையே எவ்வாறு மாறிவந்தது என்பதை ஆராய முற்படுபவருக்கு, இவ்வூரும் அதன் சுற்றுப்புறமும் மிகத் தெளிவான களமாக அமைகின்றன.

இன்று முன்பள்ளிகளிலும் ஆரம்பப் பாடசாலைகளிலும் பணம் பற்றிய அறிவு ஒரு கற்பித்தல் அலகாக இடம்பெறுகிறது. வன்னியிலோ நெடுங்காலம் அதற்குத் தனியாக ஒரு பாடம் தேவைப்படவில்லை, ஏனெனில் காசு ஊறும் இடம் பிள்ளையின் கண்முன்னே இருந்தது. அந்த ஊற்று வீட்டு வளவிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கொழும்புச் சந்தைக்கும், அங்கிருந்து அரசாணைகளுக்கும் கடன் ஒப்பந்தங்களுக்கும் அயல்நாட்டு அனுப்பீடுகளுக்கும் படிப்படியாக விலகிப்போன வரலாறே, பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை பிறந்த வரலாறுமாகும்.

நாணயம் வடபுலத்துக்குப் புதிய பொருளன்று. கந்தரோடையிலும் மாந்தையிலும் கிடைத்த பழங்காசுகளும், ஒரு பக்கம் இடபமும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்து யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளும் இங்கு நாணயப் புழக்கம் இருந்ததற்குச் சான்றுகளாகும். ஆயினும் துறைமுகங்களிலும் அரசிருக்கைகளிலும் புழங்கிய அந்தக் காசு, குளத்தை அண்டிய வன்னிக் கிராமத்தின் அன்றாட வாழ்வுக்குள் மெலிந்த அளவிலேயே நுழைந்தது. வன்னியர் என்று அழைக்கப்பட்ட குறுநிலத் தலைவர்கள் ஒல்லாந்தருக்குச் செலுத்திய திறை யானைகளாகவே இருந்தது என்பதொன்றே, இந்நிலத்தில் செல்வம் என்பது எவ்வடிவில் கணக்கிடப்பட்டது என்பதைக் காட்டப் போதுமானது. சலவைத் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் கொல்லருக்கும் தச்சருக்கும் ஆண்டு முழுவதும் அவர்கள் செய்த ஊழியத்துக்கான ஊதியம் அறுவடைக் காலத்தில் நெல்லாகவே அளந்து கொடுக்கப்பட்டது. காணி இல்லாதவர் பிறர் வயலைச் செய்து விளைவில் ஒரு பங்கைக் காணிக்காரருக்குக் கொடுத்தனர், இம்முறை வாரம் எனப்பட்டது. காசு தேவைப்பட்டது உப்புக்கும் துணிக்கும் இரும்புக்கும் அரச வரிக்குமே. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரியின் வன்னி மாவட்டக் கைநூல், காய்ச்சலாலும் பாழடைந்த குளங்களாலும் குன்றிய மக்கள்தொகையுடைய ஒரு நிலத்தைச் சித்திரிக்கிறது; அந்நிலத்தில் மனிதரை மனிதரோடு பிணைத்த கணக்கு, நாணயக் கணக்கைக் காட்டிலும் நெற்கணக்காகவே இருந்தது.

அக்கணக்கின் அரங்கு களம். சூடடிப்பு, அதாவது அரிந்து குவித்த நெற்கதிரை மாடுகளை வளையவிட்டு மிதிப்பித்து மணி பிரிக்கும் வேலை, பெரும்பாலும் இரவில் நடந்தது. அங்கு நெல்லைப் ‘பொலி’ என்றே குறிப்பிட்டனர், அன்றாடப் பேச்சில் வழங்கும் பல சொற்கள் களத்துக்குள் விலக்கப்பட்டு வேறு சொற்கள் வழங்கின. பெரியவர்களோடு களத்துக்குச் சென்ற பிள்ளை முதலில் கற்றது இந்த அடக்கத்தை. அடுத்ததாகக் கற்றது பங்கீட்டை. தூற்றிக் குவித்த பொலியிலிருந்து தெய்வத்துக்கும் கோயிலுக்கும் உரியது முதலில் எடுக்கப்பட்டு, பின்னர் காணிக்காரரின் பங்கு, மாடு கொடுத்தவரின் பங்கு, ஊர்த் தொழிலாளரின் பங்கு, அடுத்த போகத்துக்கான விதைநெல் என ஒவ்வொன்றாக அளந்து ஒதுக்கப்பட, எஞ்சியதே வீட்டுக்கு வந்தது. விளைந்ததெல்லாம் தமதன்று என்பதையும், விதைநெல்லை உண்டால் அடுத்த ஆண்டு இல்லை என்பதையும் பொருளியல் நூல் ஒன்றும் இதைவிடத் தெளிவாக ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ விளக்கியிருக்க முடியாது. இம்முறையைப் போற்றிப் பேசும்போது, அப்பங்கீட்டின் வரிசை சாதியின் வரிசையாகவும் இருந்தது என்பதை மறைத்துவிடலாகாது: தன் தந்தை களத்தின் ஓரத்தில் நின்று கைநீட்டி வாங்குவதைக் கண்ட பிள்ளையும் அதே களத்தில்தான் கற்றது, ஆனால் அது கற்ற பாடம் வேறு.

குடாநாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. தமிழ்நாட்டைப் போலவே அங்கும் பிள்ளைகள் எண்ணறிவை எண்சுவடி வழியாகப் பெற்றனர். அதனோடு சேர்ந்த பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற சுவடிகள், எண்களைப் பொன்னின் அளவோடும் நெல்லின் அளவோடும் பிணைத்தே மனப்பாடம் செய்வித்தன. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, மா என்றால் இருபதில் ஒரு பங்கு என்று பாடிப் பழகிய பிள்ளைக்கு எண் ஒருபோதும் வெறும் எண்ணாக இருக்கவில்லை. நிறுக்கப்படும் பொன்னாகவோ அளக்கப்படும் நெல்லாகவோதான் அது மனத்தில் பதிந்தது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிய அமெரிக்க மிஷன் பாடசாலைகளும், அவற்றுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அவற்றின் வழியே பரவிய அச்சுப் புத்தகக் கல்வியும் இப்பழைய முறையை மெல்ல மெல்ல ஒதுக்கின. இலங்கை 1872இல் நூறு சதம் கொண்ட ரூபாவை ஏற்றுக்கொண்டபின், தசமக் கணக்கு பிள்ளைகளுக்கு எளிதானது. முந்திரியும் காணியும் மறைய, எண்ணுக்கும் பண்டத்துக்கும் இடையிலிருந்த அந்தப் பிணைப்பும் அவற்றோடு போயிற்று.

பள்ளியில் அறுந்த இப்பிணைப்பை வீட்டில் காத்துவந்த வழக்கம் ஒன்று இன்றும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு நாளில், பஞ்சாங்கம் குறிக்கும் சுபநேரத்தில், குடும்பத்தின் மூத்தவர் தம்மிலும் இளையவர்களுக்குக் கையில் வைத்துக் கொடுக்கும் முதற்பொருள் கைவிசேடம் எனப்படும். கைவிசேஷம் என்றும் எழுதுவர். இலங்கைத் தமிழர் பின்பற்றும் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் மருத்துநீர் வைக்கும் நேரத்தையும் ஆடை நிறத்தையும் குறிப்பதைப் போலவே கைவிசேடத்துக்கான நேரங்களையும் ஆண்டுதோறும் தனியே குறிக்கின்றன. இவ்வழக்கத்துக்குச் சமூகம் கொடுத்த இடத்தை இதனாலேயே உணரலாம். பிள்ளை நீராடிப் புத்தாடை அணிந்து, பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் விழுந்து வணங்கி, இரு கைகளையும் ஏந்தி அதைப் பெற்றுக்கொள்கிறது. கொடுக்கப்படுவது வெறும் காசன்று: வெற்றிலையும் பாக்கும் பூவும் மஞ்சளும் நெல்மணிகளும் சேர்ந்திருக்க, அவற்றினிடையே நாணயம் வைக்கப்படுகிறது. கேரளத்தில் விஷு நாளில் வழங்கும் கைநீட்டமும், சிங்களரிடையே அதே புத்தாண்டில் சுபநேரத்தில் நடைபெறும் கொடுக்கல் வாங்கலும் இதனோடு உறவுடையவை; ஆகவே இது ஒரு சிறு நிலப்பகுதியின் தனிவழக்கு என்று கொள்வதைவிட, நெல் விளையும் தென்னாசிய நிலங்கள் பலவற்றுக்குப் பொதுவான மரபின் ஒரு கிளை எனக் கொள்வதே பொருந்தும்.

கைவிசேடத்தில் நெல் ஏன் இடம்பெறுகிறது என்ற கேள்விக்கு மங்கலப் பொருள் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அவ்விடை போதாது என்றே தோன்றுகிறது. வன்னியின் வேளாண்மை ஆண்டில், வடகீழ்ப் பருவமழையோடு விதைக்கப்படும் காலபோகத்தின் அறுவடை தை மாதத்தை ஒட்டித் தொடங்குகிறது. தைப்பூசத்தன்று புதுநெல்லைக் குத்திச் சமைத்துண்ணும் புதிர் என்ற வழக்கத்தோடு அது வீட்டுக்குள் வருகிறது. சித்திரை பிறக்கும்போது களம் ஒழிந்து, நெல் விற்று, கடன் அடைத்து, அவ்வாண்டின் மிச்சம் இவ்வளவு என்று தெரிந்த நிலையில் குடும்பம் இருக்கிறது. அந்த வேளையில் நெல்லும் காசும் ஒரே கையிலிருந்து ஒரே வெற்றிலையில் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. பிள்ளை சில மாதங்களுக்கு முன் வயலில் கண்ட மணி, இப்போது காசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னதிலிருந்து இன்னது வந்தது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெற்ற காசைச் செலவழிக்காமல் முட்டியில், அதாவது காசு போடத் துளை மட்டும் விட்டு வனையப்பட்ட மண் உண்டியலில், இட்டு வைக்கும் பழக்கம் விதைநெல்லை ஒதுக்கும் பழக்கத்தின் நாணய வடிவமாகும்.

சேமிப்பை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது பிரித்தானியர் ஆட்சியிலேயே. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இலும், இங்கிலாந்தின் 1861ஆம் ஆண்டு ஏற்பாட்டைப் பின்பற்றித் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1885இலும் தோன்றின. ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவில், பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பேராசிரியர் பிரான்சுவா லோரான் 1866 முதல் பாடசாலைப் பிள்ளைகளிடையே தொடங்கிய சேமிப்பு இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 1924இல் மிலான் நகரில் கூடிய மாநாடு அக்டோபர் 31ஐ உலக சேமிப்பு நாளாக்கியது, இலங்கைப் பாடசாலைகள் இன்றும் அந்நாளை அறியும். மேற்சொன்ன இரு வங்கிகளும் பிற சேமிப்பு அமைப்புகளும் இணைந்து 1972இல் தேசிய சேமிப்பு வங்கியாயின. இந்நிறுவனங்களால் விளைந்த நன்மை சிறிதன்று. எனினும் அவை பிள்ளைக்குக் கற்பித்தது காசை எங்கே வைப்பது என்பதைத்தான். காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வங்கிப் புத்தகத்தில் எழவேயில்லை.

வன்னியின் காசு வரலாற்றில் உண்மையான திருப்பம் நீரால் வந்தது. 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் கட்டுமானமும், 1905இல் முழுமை பெற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையும், குடாநாட்டின் நில நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936இல் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றமும் காட்டை வயலாக்கின. சுதந்திரத்துக்குப் பின் அரசு நெல்லுக்கு உத்தரவாத விலை கொடுத்து வாங்கத் தொடங்கியது; 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. மூடை நெல் இப்போது ஊருக்குள் பங்கிடப்படாமல் லொறியேறிப் போயிற்று, பதிலுக்குத் தாள் காசு வந்தது. 1960களின் பிற்பகுதியில் தர்மபுரத்துக்குக் கிழக்கே விசுவமடுவிலும், முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கப்பட்டு, அரசாங்க உத்தியோகம் கிடைக்காத இளைஞர்கள் நீரிறைக்கும் இயந்திரத்தோடு மேட்டுநிலப் பயிர்ச்செய்கையில் இறங்கினர்.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், அதுவரை இந்தியாவிலிருந்து வந்த செத்தல் மிளகாயின் இடத்தை வடக்கின் செத்தல் நிரப்பியது. வன்னியில் மிளகாய் விளைந்த அந்த ஆண்டுகளைப் போல, பிள்ளையின் உழைப்பும் குடும்பத்தின் வருமானமும் இவ்வளவு நெருங்கி நின்ற காலம் இல்லை எனலாம். பழம் ஆய்வதும், வெயிலில் பரப்பிக் காயவைப்பதும், மழை கறுத்தால் ஓடிச்சென்று அள்ளுவதும், காய்ந்ததைத் தரம் பிரிப்பதும் பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளின் வேலைகளாயின. கொழும்பு விலை ஏறியது என்ற செய்தி வானொலியிலோ லொறிச் சாரதி வாயிலாகவோ வந்த அன்றே வீட்டின் முகம் மாறுவதை அவை கண்டன. மண்வீடு கல்வீடாவதையும், புதிய சைக்கிளும் உழவு இயந்திரமும் வளவுக்குள் வருவதையும் கண்டன. தங்கள் கைவிரல்களில் எரிந்த மிளகாய்க் காரத்துக்கும் அந்தச் சைக்கிளுக்கும் உள்ள தொடர்பை அப்பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு பதவியேற்று இறக்குமதியைத் திறந்துவிட்டபோது, அதே நிலம் அதே உழைப்பில் அதே விளைவைத் தந்தும் காசு வரவில்லை. விலை சரிந்தது, மிளகாயை நம்பிக் கடன்பட்டோர் தவித்தனர். களத்தின் பாடத்தில் இல்லாத ஒன்றை வன்னியின் வீடுகள் அப்போது அறிந்தன: காசின் ஊற்று உழைப்பில் மட்டும் இல்லை, விளைநிலத்தைப் பார்த்தே இராதவர்கள் தலைநகரில் எழுதும் ஒரு கட்டளையிலும் இருக்கிறது. மழை பொய்ப்பதைப் பிள்ளைக்கு வானத்தைக் காட்டி விளக்கலாம், இறக்குமதிக் கொள்கையை எதைக் காட்டி விளக்குவது?

அதே 1977ஆம் ஆண்டின் கலவரம் மலையகத் தமிழ்க் குடும்பங்களைப் பெருமளவில் வன்னிக்குத் தள்ளியது. 1958ஆம் ஆண்டுக் கலவரமும் முன்னரே சிலரை வடக்கு நோக்கி அனுப்பியிருந்தது. தர்மபுரம் உட்படக் கிளிநொச்சியின் குடியேற்றங்கள் பலவற்றில் வேரூன்றிய இவர்கள், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர். இவர்களுடைய முன்னோரின் வாழ்வில் காசு என்பது முதலில் கடனாகவே தோன்றியது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த கங்காணி வழிச்செலவுக்குக் கொடுத்த முற்பணம் தொழிலாளியின் கணக்கில் ஏற, அக்கடன் தொகையைக் குறித்துத் தோட்டத்துரை வழங்கிய சீட்டான ‘துண்டு’ இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியவில்லை. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி அவரை ஏற்றுக்கொள்ள, கடன் மட்டும் அவருடனேயே நடந்தது. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என மூவருக்கும் தனித்தனிக் கூலி வீதங்களை வகுத்தது. சட்டமே பிள்ளையைக் கூலியாளாகக் கணக்கிட்ட அவ்வுலகில், காசின் பிறப்பிடத்தை அறியப் பிள்ளை வேறெங்கும் பார்க்க வேண்டியதில்லை, தன் கூடையைப் பார்த்தாலே போதும். கொடுக்கப்பட்ட அரிசியின் விலை கழிக்கப்பட்டு மிச்சமே சம்பளமாகக் கைக்கு வந்த வாழ்விலிருந்து வந்த இம்மக்கள், தர்மபுரத்திலும் முதலில் பிறர் காணிகளில் கூலி வேலை செய்தே காலூன்றினர். ஒரே வகுப்பறையில் அமர்ந்த இரு பிள்ளைகளில் ஒன்றுக்கு அறுவடை என்பது வருமானம், மற்றொன்றுக்கு அது சில கிழமை வேலை. இவ்வேறுபாட்டை எந்தப் பாடநூலும் கணக்கில் எடுத்ததில்லை என்பது வருந்தத்தக்கது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை வன்னியின் வீட்டுப் பொருளியலையே புரட்டியது. எரிபொருள், சவர்க்காரம், மின்கலம், சீமெந்து, உரம் முதலியன தடுக்கப்பட்டோ அளவிடப்பட்டோ வந்தமையால், ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வீட்டின் மிகக் கவனமான செலவாயிற்று. ஜாம் போத்தலில் திரியிட்டுக் குறைந்த எண்ணெயில் எரித்த விளக்கைச் சுற்றியிருந்து படித்த பிள்ளைகள், பொருளின் தட்டுப்பாடு காசின் மதிப்பை எவ்வாறு தின்கிறது என்பதை நாள்தோறும் கண்டன. சங்கக்கடை எனப்பட்ட கூட்டுறவுக் கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து கொடுத்த நிவாரண அரிசியும், உத்தியோகத்தர்களுக்கு அரசு தொடர்ந்து கொடுத்த சம்பளமும் ஊருக்குள் வந்த வரவுகளாயின. விடுதலைப் புலிகள் 1994இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தமிழீழ வைப்பகம் பின்னர் கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு வைப்பும் கடனும் நகை ஈடும் நடத்திய போதிலும், அங்கும் புழங்கியது கொழும்பில் மத்திய வங்கி வெளியிட்ட ரூபாவே.

2009 ஜனவரியில் பரந்தனும் கிளிநொச்சியும் படையினர் வசமாக, தர்மபுரத்தின் மக்கள் ஏ-35 வீதி வழியே விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி நகர்ந்து, மே மாதம்வரை சுருங்கிக்கொண்டே போன கடலோரத் துண்டுக்குள் அடைபட்டனர். காசும் தாலிக்கொடியும் கையிலிருந்தும் பிள்ளைக்கு ஒரு பால்மாப் பெட்டி வாங்க முடியாத நிலை அங்கே இருந்தது. அரிசிக்கும் தேங்காய்க்கும் மிளகாய்க்கும் சொல்லப்பட்ட விலைகள் விலை என்ற சொல்லுக்கே பொருந்தாதவை. பண்டம் அற்ற இடத்தில் தாள் காசு எதற்கும் உதவாது என்பதை அப்பிள்ளைகள் பசியால் அறிந்தன. அந்த அறிவை எந்தப் பிள்ளைக்கும் அப்படிக் கொடுத்திருக்கக் கூடாது. எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அரச வங்கிகள் அங்கே கிளைகள் திறந்து, மடியில் கட்டிக் கொண்டுவந்த காசை வைப்பிலேற்றின.

மீள்குடியேற்றத்துக்குப் பின் காசு வந்த வழிகள் பலவாயின, அவற்றுள் பிள்ளை நேரில் காணக்கூடியவை குறைந்தன. இந்திய அரசின் வீட்டுத் திட்டம் வீடு ஒன்றுக்கு 550,000 ரூபாவைக் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கில் இட்டது. கட்டிமுடிக்க அது போதாத குடும்பங்கள் கடன்பட்டன. வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் ஏ-9, ஏ-35 வீதியோரங்களில் பெருகின. ஊருக்குள் கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வரும் கடன் சேகரிப்பாளர், களத்துப் பங்கீட்டை அறியாத ஒரு தலைமுறைக்குக் காசு பற்றிய முதல் காட்சியானார்: காசு எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை, எங்கே போகிறது என்பது மட்டும் நன்கு தெரிந்தது. பெண்கள் வீதிக்கு வந்து போராடியதன் பின்னர், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவித்தது. விடியுமுன் பேருந்தேறி ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் அக்காவின் மாதச் சம்பளமும், சில வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் அனுப்பீடும் இதே வகையைச் சேர்ந்தவை. உழைப்பு உண்மையானது, ஆனால் பிள்ளையின் பார்வைக்கு அப்பால் நடக்கிறது. அயல்நாட்டுக் காசு மலையக வழிவந்த குடும்பங்களை அவ்வளவாக எட்டவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அக்குடும்பத்துப் பிள்ளை பக்கத்து வீட்டுக்குக் காசு வானத்திலிருந்து இறங்குவதாகவே கண்டது.

தாள் காசு ஒரு வாக்குறுதி என்பதை இலங்கை 1884இலேயே கண்டிருந்தது. கோப்பித் தோட்டங்களின் வீழ்ச்சியோடு ஓரியண்டல் வங்கி முறிந்தபோது அது வெளியிட்ட தாள்களுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் பொறுப்பை அறிவிக்க நேர்ந்தது. தாள் வெளியிடும் உரிமை அதே ஆண்டில் அரசிடமும், 1950இல் மத்திய வங்கியிடமும் சேர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு வயல்கள் மஞ்சளித்ததும், 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனை அடைக்க இயலாது என அறிவித்ததும், அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியதும் அந்தப் பழைய பாடத்தைத் தர்மபுரத்து வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தன. காசில்லை என்றால் அச்சடிக்கலாமே என்பது எக்காலத்துப் பிள்ளையும் கேட்கும் கேள்வி. அரசும் அதைத்தான் செய்தது என்றும், அப்பியாசக் கொப்பியின் விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் அவ்வாண்டில் ஆசிரியர்கள் உண்மையைச் சொல்லி விளக்க முடிந்தது. அரசுக்குக் கடனாகக் காசு அச்சிடுவதை 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் கட்டுப்படுத்தியது.

இந்தப் பின்னணியிலேயே, வடக்கின் முன்பள்ளிகளிலும் ஆரம்பப் பாடசாலைகளிலும் பரவலாக நடைபெறும் சிறுவர் சந்தையின் முக்கியத்துவம் விளங்கும். பாடசாலை முற்றத்தில் பாய்விரித்து, பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பொன்னாங்காணிக் கட்டும் தேசிக்காயும் பரப்பி, பெற்றோருக்கும் அயலவருக்கும் உண்மைக் காசுக்கு விற்கின்றனர். மிச்சக்காசு எண்ணிக் கொடுக்கின்றனர். பேரம் பேசக் கற்கின்றனர். ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடமும் கணிதமும் ஒரே காலையில் கையில் சேரும் நல்ல ஏற்பாடு இது. எனினும் இதன் பயன், பண்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. தாய் முதல்நாள் கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிவந்து கொடுத்த கரட்டையும் கோவாவையும் விற்கும் பிள்ளை, வியாபாரத்தை அறிகிறது, விளைவை அறியவில்லை. காலபோக அறுவடை முடியும் மாதங்களில், தான் தண்ணீர் ஊற்றிய கொச்சிச் செடியின் காய்களைக் கூறுகட்டி விற்கும் பிள்ளைக்கோ, விலை குறைத்துக் கேட்பவரிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலான சந்தைகளில் மாலையில் கணக்கிடப்படுவது விற்ற தொகை மட்டுமே. அதற்கு எதிரே விதைக்கும் எருவுக்கும் இறைத்த தண்ணீருக்கும் ஒரு நிரல் வரைந்து, அதன்பின் எஞ்சுவதை வரவென்று எழுதச் செய்தால், பொலியிலிருந்து விதைநெல்லை முதலில் ஒதுக்கிய களத்தின் கணக்கு, கொப்பியின் ஒரு பக்கத்தில் மீண்டும் எழுதப்படும்.